கச்சான் காற்றும் என் நீச்சல் தடாகமும்

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் வீட்டோடு நீச்சல் தடாகம் கட்டியிருக்கிறேன் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை, நம்பினாலும் சிரிப்பார்கள். "பல்லு விளக்கவே சுடுதண்ணி கேக்குற ஊருல பூலா?" என்று என் மச்சான் கேட்டான். கேட்டது நியாயம்தான். கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், மார்கழியில் போர்வைக்கு மேல் போர்வை போட்டுப் படுக்கிறோம். ஆனால் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அங்கே இடம் கிடைக்காமல் எங்கள் பக்கம் ஒதுங்கும்போது போனில் கேட்கிற முதல் கேள்வி "பூல் இருக்கா", இரண்டாவது "ஏசி இருக்கா". மேல்மாடி இரண்டு ரூமை ஹோம்ஸ்டே ஆக்கிய பிறகு இந்த இரண்டு கேள்விக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், இரண்டையும் செய்துவிட்டேன். செய்ததில் எத்தனை தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மலைநாட்டில் வேறு யாராவது இதே யோசனையில் இருந்தால், என் காசில் படித்துக்கொள்ளுங்கள்.

நான் 11 வருடம் கட்டாரில் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன். பைப், பம்ப், பில்டர், பூல் எல்லாம் என் கை வழியாகப் போனவை. அதனால் பூல் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அங்கே கோடையில் குளத்துத் தண்ணீரைக் குளிர வைக்கத்தான் மெஷின் ஓடும், இல்லாவிட்டால் ரசம் மாதிரி கொதித்துக் கிடக்கும். அந்த அறிவை அப்படியே மூட்டை கட்டி இங்கே கொண்டு வந்தேன். இங்கே எல்லாமே தலைகீழ்.

2023 ஆரம்பத்தில் குழி வெட்டினோம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஆழம் சராசரி 1.2 மீட்டர். தண்ணீர் மட்டும் 21,600 லிட்டர், அதாவது 21 தொன்னுக்கு மேல் பாரம். சரிவு நிலத்தில் இந்தப் பாரத்தை வைக்கிறோம் என்பதை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறந்துவிடவில்லை. அதனால் தடாகத்தை வெட்டுச் சரிவின் விளிம்பில் வைக்காமல், காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குப் பின்னால் இறுகிய மண்ணில் வைத்தேன். பில்டர் கழுவுகிற தண்ணீரும் மழையில் வழிகிற தண்ணீரும் சரிவில் ஊறாமல் நேரே கானுக்குப் போக பைப் போட்டேன். கட்ட முன்னால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைக்கு அலைந்ததும் உண்டு. அலைச்சல்தான், ஆனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் ஜூலையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர். டைலில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால் மறுநாள் கோட்டுக்குக் கீழே தண்ணீர். கசிவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். குளம் கட்டிய மேசன் பாஸுக்குப் போன் போட்டு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மனுஷன் வெலிமடையிலிருந்து பஸ் பிடித்து வந்து, குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளி கேட்டார். வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, குளத்துப் படியில் வைத்து, உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கும்படி கோடு போட்டு, பம்பை நிறுத்திவிட்டு நாளைக்குப் பாருங்கள் என்று போய்விட்டார். குளம் கசிந்தால் வெளியே மட்டும் இறங்கும், வாளிக்குள் இறங்காது. மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தது. வாளி என்ன கசியவா செய்யும்?

நீங்கள் பூல் வைத்திருந்து மட்டம் இறங்கினால், யாரையும் திட்டுவதற்கு முன்னால் இந்த வாளிச் சோதனையைச் செய்துவிடுங்கள். 24 மணி நேரம், செலவு ஒன்றுமில்லை. நான் மேசன் பாஸிடம் மன்னிப்புக் கேட்டு பஸ் காசும் கொடுத்தேன். பஸ் காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சரி, கசியவில்லை என்றால் தண்ணீர் எங்கே போகிறது? வெயில் குடிக்கிறது என்றேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் ஊவா மாகாணத்தில் ஒரு தேயிலை பேக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில், முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். "வெயிலா? நேத்து வெயிலே இல்லையே. கொழுந்து வாட வெயிலு வேணாம்டா, காத்து போதும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பேக்டரி மாடியில் அதைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்றை ஏற்றுவார்கள், இரவெல்லாம் ஓடும், விடிவதற்குள் இலை துவண்டுவிடும். வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று கணக்கு, குறைகிறதெல்லாம் தண்ணீர்தான். அதிலும் எங்கள் பக்கம் ஜூலையில் வீசுவது சாதாரணக் காற்று இல்லை, கச்சான். (கொழும்புக்காரர்களுக்கு: வறுத்துத் தின்கிற கச்சான் கடலை இல்லை.) தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டு வருகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தனி மணம் வருவதற்கும் ஏலத்தில் தனி மதிப்பு வருவதற்கும் இந்தக் காற்றுத்தான் காரணம் என்பார்கள். அதே காற்று என் குளத்தையும் வாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கட்டியது பூல் இல்லை, கூரையில்லாத ஒரு வாட்டுத் தொட்டி.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 180 லிட்டர். அது போகட்டும், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே கொண்டு போகிறது என்பதுதான் பெரிய விஷயம். அந்த 180 லிட்டர் ஆவியாக எடுக்கும் சூடு, குளத்தில் மிச்சமிருக்கிற மொத்தத் தண்ணீரையும் கிட்டத்தட்ட 5 பாகை குளிர வைக்கப் போதும். கரண்டுக் கணக்கில் சொன்னால் 120 யூனிட்டுக்கு மேல். பகல் வெயில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும், கச்சான் அடிக்கிற ராத்திரியில் எதுவும் திரும்பி வராது. காலையில் கெஸ்ட் ஒருவர் காலை நனைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அது எந்த மொழி என்று இன்னும் தெரியவில்லை. ஹீட்டர் போடலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். மூடாத குளத்துக்கு ஹீட்டர் போடுவது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அடுப்பு மூட்டுகிற வேலை. அந்த வருடம் பெப்ரவரியில்தான் மின்கட்டணம் சராசரி 66 சதவீதம் ஏறியிருந்தது. மூடுவதுதான் ஒரே வழி.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்த் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த பிறகு பண்டாரவளையைச் சுற்றிப் பல ஊர்களில் கிணறுகள் வற்றியது நாடறிந்த கதை. இங்கே தண்ணீர் என்பது எல்லோருக்கும் ஆறாத புண். வறண்ட மாதங்களில் பைப்பில் தண்ணீர் வராமல் பவுசருக்குக் காத்திருக்கிற நாளில், நான் பைப்பைப் போட்டுக் குளத்தை நிரப்பிக்கொண்டிருந்தால் பக்கத்தில் எப்படி இருக்கும்? கீழ்வீட்டு அக்கா ஒரு நாள் வேலியோரம் நின்று, சிரித்துக்கொண்டேதான், "தம்பி, நாங்க குடத்தோட நிக்கிறோம், நீங்க குளத்தோட நிக்கிறீங்க" என்றார். அந்தச் சிரிப்பு மேசன் பாஸின் மௌனத்தைவிடக் கடுமையாக இருந்தது. அடுத்த கிழமையே கூரைத் தண்ணீரைப் பிடிக்க இரண்டு டேங்க் வைத்தேன், கவர் தேடவும் தொடங்கினேன்.

முதலில் செலவு பார்த்து ஒரு நீலத் தறப்பாளை வாங்கி, நாலு மூலையிலும் கயிறு கட்டி விரித்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, குளத்துக்குப் படங்கு கட்டியிருக்க, கொழுந்து எடுக்கவா போவுது?" என்றார். (கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற விரிப்புத்தான் படங்கு.) மூன்றாம் நாள் ராத்திரி கச்சான் அதைப் பிய்த்துக்கொண்டு போய்க் கீழ்வீட்டுப் போஞ்சித் தோட்டத்தில் போட்டது. பத்துப் பந்தல் கம்பு முறிந்தது, அதற்கும் நான்தான் காசு. இன்னும் இறுக்கிக் கட்டினேன். அப்போது மழை வந்தது. தறப்பாளின் நடுவில் தண்ணீர் தேங்கி, தொட்டில் மாதிரித் தொங்கி, சருகு விழுந்து கறுத்து, அதற்குள் புழு நெளிந்தது. அதை நான் பார்ப்பதற்கு முன்னால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்தயா பார்த்துவிட்டார். டெங்குச் சோதனைக்கு வீடு வீடாக வந்தவர். குளோரின் போட்ட குளத்துத் தண்ணீரை அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேலே தேங்கிய மழைத் தண்ணீரைத்தான் காட்டினார். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கட்டத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும், அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது கவிழ்த்துக் கொட்டாத தண்ணீர் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். வழக்குப் போடாமல் எச்சரித்து விட்டார், அது என் அதிர்ஷ்டம். தறப்பாள் கோழிக்கூட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து பபிள் கவர் வரவழைத்தேன். பார்சல் சுற்றுகிற குமிழ் பிளாஸ்டிக் மாதிரியேதான், தடிப்பு அதிகம், வெயில் தாங்குகிற மருந்து சேர்த்தது. கட்டவே தேவையில்லை, குமிழ்ப் பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரின் மேல் போட்டால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளியே இல்லாததால் கச்சான் புகுந்து தூக்க வழியில்லை. விளிம்பைச் சுவரோடு சரியாக வெட்டுவதுதான் முக்கியம், ஒரு கை அகலம் குறைத்து வெட்டினால் அந்த ஓரத்தில் காற்று நுழைந்து மடித்துவிடும். நான் நீளவாக்கில் இரண்டாக வெட்டினேன், ஒரு துண்டை ஒரு ஆளே சுருட்டலாம். முழுசாக வைத்திருந்தால் மனைவி தனியாக இருக்கிற நாளில் யாரும் திறந்து மூட மாட்டோம், மூடாத கவருக்கு எதற்குக் காசு?

வித்தியாசம் முதல் கிழமையிலேயே தெரிந்தது. மட்டம் இறங்குவது நின்றுபோகவில்லை, ஆனால் பென்சில் கோடு தினமும் தேவைப்படவில்லை. வெயில் அடித்த நாட்களுக்குப் பிறகு காலைத் தண்ணீர் 19, 20 பாகையில் கிடந்தது 23, 24-க்கு வந்தது. கட்டார்க்காரனுக்கு இது சிரிப்பாக இருக்கும், இங்கே அந்த நாலு பாகைதான் கெஸ்ட் இறங்குவதற்கும் படம் மட்டும் எடுத்துவிட்டுப் போவதற்கும் இடையில் நிற்பது. குளோரினும் குறைவாகச் செலவானது, வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியும். ஆனால் குளோரின் கூடுதலாகப் போடுகிற நாளில் கவரைத் திறந்தே வையுங்கள். மூடினால் அந்த வாடை உள்ளேயே அடைந்து கண்ணையும் எரிக்கும், கவரையும் தின்னும்.

என் பெரிய முட்டாள்தனம், ஒரு மத்தியானம் கவரைச் சுருட்டிக் குளத்தோரம் வெயிலில் வைத்துவிட்டு டவுனுக்குப் போனது. மலை வெயில்தானே என்று நினைத்தேன். குளிர்காற்றாக இருந்தாலும் உச்சி வெயில் சுள்ளென்று அடிக்கிற இடம் இது. சுருட்டின அடுக்குகளுக்குள் சூடு அடைபட்டு, திரும்பி வந்து விரித்தால் நடுப்பகுதிக் குமிழ்கள் உருகி ஒட்டிப்போயிருந்தன. சுருட்டினால் நிழலில் வையுங்கள், அல்லது மேலே வெள்ளைத் துணி ஒன்றைப் போடுங்கள். குரங்குகள் கதையை ஒரே வரியில் முடிக்கிறேன்: குமிழ் உடைக்கிற ஆசை மனுஷனுக்கு மட்டும் இல்லை.

இனிச் சொல்லப் போவதை அப்படிச் சுருக்க முடியாது. 2024-இல் ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு நாய் வேலிக்குள் நுழைந்து, நீலத் தரை என்று நினைத்தோ என்னவோ, கவர் மேல் கால் வைத்தது. இரண்டு எட்டு தாங்கியது. மூன்றாவது எட்டில் கவர் அமிழ்ந்து, நாயைச் சுற்றிப் போர்வை மாதிரி மூடிக்கொண்டது. நீந்தத் தெரிந்த நாய்தான். மேலே வர முடியவில்லை, ஏனென்றால் மேலே எங்கும் பிளாஸ்டிக். சத்தம்கூட அவ்வளவாக வரவில்லை. கவர் நடுவில் ஏதோ துடிக்கிறதை மேல்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி பார்த்து, ஓடி வந்து, சேலையோடு இறங்கி ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நாய் பிழைத்தது. அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எங்கள் சின்னவனுக்கு அப்போது நாலு வயது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசாமலே மனசுக்குள் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பபிள் கவர் சூட்டைக் காக்கும், தண்ணீரைக் காக்கும், உயிரைக் காக்காது. திறந்த குளத்தைவிட ஆபத்து கூடும் என்றுகூடச் சொல்வேன், விழுந்தவரை மறைத்துவிடுகிறது. பாதுகாப்புக் கவர் என்பது வேறு சாமான். அமெரிக்காவில் அதற்கு எஃப்1346 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் சேர்ந்த பாரம், ஏறக்குறைய 220 கிலோ, மேலே நின்றாலும் தாங்க வேண்டும். விற்பவர் "சேப்டி" என்று சொன்னால் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள், இலையைத் தாங்கும் என்கிற மாதிரி பதில் வந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். நான் அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு நாலு பக்கமும் நாலடிக் கம்பி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கேட், கொக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். வேலி குளத்தின் அழகைக் கெடுக்கிறது என்று ஒரு கெஸ்ட் எழுதினார். எழுதட்டும்.

ஏசிக்கு வருகிறேன். மேல்மாடி ரூம் இரண்டுக்கும் தகரக் கூரை. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் அங்கே நிற்க முடியாது, ராத்திரி ஆனால் ஜன்னலைத் திறந்தாலே போதும். இந்த ஊருக்கு ஏசி தேவையா என்று கேட்டால், தேவையில்லை. கெஸ்ட்டுக்குத் தேவை. கட்டாரில் ஏசி வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், நான் எட்டிப் பார்த்ததோடு சரி. பதுளையில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், 12 அடிக்கு 11 அடி ரூமுக்கு 18,000 பிடியூ (குளிரூட்டுகிற சக்தியின் அளவு) மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள். "பெருசா இருந்தா சீக்கிரம் குளிராகும் அண்ணே" என்றான் அந்தத் தம்பி. அவன் சொன்னது உண்மை, சீக்கிரம் குளிரானது. அதுதான் வில்லங்கம். ஐந்து நிமிடத்தில் கேட்ட குளிர் வந்துவிடும், மெஷின் அடங்கிவிடும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே விட அதற்கு நேரமே கிடைக்காது. ரூம் குளிராகவும் இருந்தது, பிசுபிசுப்பாகவும் இருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தியதுபோல என்று மச்சான் சொன்னதுதான் சரியான வார்த்தை. ஏசி ஓடும்போது காற்றுக் குளிர்வது பாதி வேலை, சுருளில் பட்டு ஈரம் தண்ணீராகிப் பைப் வழியே வெளியே சொட்டுவது மறுபாதி. பைப்பில் சொட்டாத ஏசி பாதி வேலைதான் செய்கிறது.

அந்தப் பைப்பையும் பொருத்தியவர் மேல்நோக்கிச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் மேலே ஏறுமா? திரும்பி ரூமுக்குள் வந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கோடு இறங்கியது. ஏசி பொருத்துகிற நாளில் பக்கத்திலேயே நின்று, வடிபைப்பில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி அது வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கரண்ட் பில் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், இலங்கையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீட்டு மீட்டரில் மாதம் 180 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச விலைதான், ஏசி போட்ட வீடு அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்காது. நான் செய்திருக்க வேண்டிய வேலை கூரையில்தான் இருந்தது. தாமதமாகத்தான் செய்தேன்: தகரத்துக்கு அடியில் வெள்ளித் தாள் ஒட்டிய தடிப்பு விரிப்பு, அதற்குக் கீழே சீலிங், சீலிங்குக்கு மேலே காற்றுப் போக இரண்டு பக்கமும் வலை போட்ட துவாரம். அது முடிந்ததும் 18,000-ஐ நட்டத்துக்கு விற்றுவிட்டு 9,000 பிடியூ இன்வெர்ட்டர் ஏசி ஒன்று போட்டேன். அது அடங்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது, ரூம் காய்ந்து கிடக்கிறது. பங்குனி போனால் அதற்கும் வேலையில்லை. முதலிலேயே சீலிங் போட்டிருந்தால் ஏசியே வாங்கியிருக்க மாட்டேனோ என்னவோ.

கார்த்திகையிலிருந்து தை வரை எங்கள் பக்கம் வடகீழ்க் காற்று மழை. அப்போது எதிரி சூடு இல்லை, ஈரம். அலமாரிக்குள் செருப்பில் பச்சைப் பூஞ்சணம், கல்யாண அல்பத்தில் புள்ளி, கட்டில் மெத்தையில் வாடை. கடையில் வாங்கிய ஈரமானியில் 88, 90 சதவீதம் என்று நிற்கும். ஏசியில்தான் நீர்த்துளிப் படம் போட்ட பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஈரத்தை இழுக்குமே என்று ராத்திரியெல்லாம் போட்டேன். ரூம் ஏற்கனவே 17 பாகை. அந்தக் குளிரில் சுருள் பனிக்கட்டி பிடிக்கப் பார்க்கும், மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடிக்கடி நின்றுவிடும், உள்ளே படுத்தவர்தான் நடுங்குவார். காலையில் அப்பாவிடம் புலம்பினேன்.

"மழ நாள்ல மாடியில என்ன செய்வோம்னு நினைக்கிற? ஈரக் காத்த அடிச்சா கொழுந்து வாடுமா? கீழ அடுப்புச் சூட்டக் கொஞ்சம் கலந்து விடுவோம். சூடாக்கி அடிச்சாத்தான் காத்து ஈரத்த வாங்கும்" என்றார்.

மறுபடியும் கொழுந்து மாடி! காற்று 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்த ஊரில் ஈரத்தை விரட்ட முதலில் கொஞ்சம் சூடாக்க வேண்டும், நான் மேலும் குளிராக்கிக்கொண்டிருந்தேன். சூடும் குளிரும் இரண்டும் தருகிற ஏசி இருக்கிறது, நான் வாங்கியதற்குக் குளிர மட்டும்தான் தெரியும். நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் யாராவது ஏசி வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து சூடு தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், இங்கே வருடத்தில் அதிக நாள் உதவப்போவது அந்தப் பக்கம்தான். நான் இப்போது மழை மாதத்தில் மாலையில் ஒரு மணி நேரம் சின்ன ஹீட்டர் போட்டுவிட்டு, ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஈரம் உறிஞ்சுகிற மெஷினை ஓட விடுகிறேன். ஒரு ராத்திரியில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கிறது, அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது ஒரு அற்ப சந்தோஷம். அம்மா முன்பெல்லாம் அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பை எரிய விட்டுத் துணியைக் காய வைப்பார், துணியில் பட்டால் தீப்பிடிக்கும் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். தத்துவம் என்னவோ சரிதான்.

இன்னொன்று, மறந்துவிட்டேன். சித்திரை மாத இடி மின்னல். இன்வெர்ட்டர் ஏசியின் வெளி மெஷினுக்குள் ஒரு போர்டு இருக்கிறது, ஒரு சாயங்கால இடியில் அது போனால் புது மெஷினில் பாதி விலை. எனக்குப் போனது. உத்தரவாத அட்டையில் மின்னல் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எர்த் கம்பியைப் புதிதாக அடித்து, மெயின் போர்டில் மின்னல் தடுப்பான் வைத்து, வானம் கறுத்தால் ஏசிக்கும் பூல் பம்புக்கும் உரிய சுவிச்சுகளை அணைக்கிற பொறுப்பைச் சின்னவனின் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கரண்ட் போனால்கூட ஓடிப்போய் அணைக்கிறாள். பூல் பக்கம் போகிற வயருக்கு ட்ரிப் சுவிச் (மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிச்) இல்லாமல் யாரும் பம்ப் ஓட்டாதீர்கள், இதில் விளையாட்டே வேண்டாம்.

பபிள் கவர் இப்போது மூன்றாவது கச்சானைப் பார்த்துவிட்டது. ஓரங்களில் நீலம் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கிறது, குமிழ்கள் தொட்டாலே உடைகின்றன. புதுசுக்கு விலை கேட்டிருக்கிறேன். பழையதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கத்தரிக்கோலோடு வந்து நல்ல பக்கமாகப் பார்த்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போனார். பார்த்தால் பின்பக்கம் மிளகாய் நாற்றுப் பாத்திக்கு மூங்கில் வளைத்து அதன் மேல் போட்டிருக்கிறார். நாற்று நன்றாகத்தான் வந்திருக்கிறது. மிச்சத் துண்டைக் கீழ்வீட்டு அக்கா கேட்டிருக்கிறார், நாளைக்குக் கொடுக்க வேண்டும்.